ஒன்பதாவது வீடு

கரங்கானில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டியிருந்த தாமான் கெமுனிங் குடியிருப்பின் கடைசி வரிசையில் புஷ்பவள்ளி தனியாகக் குடியிருந்தாள். வயது நாற்பத்தாறு. கூலிம் தொழிற்பேட்டையில் மின்னணு உதிரிப்பாகம் செய்யும் ஆலை ஒன்றில் இருபத்தோரு வருடம் வேலை பார்த்தவள். கல்யாணம் ஆகவில்லை. பக்கவாதத்தில் படுத்துவிட்ட அப்பாவை ஆறு வருடம் பார்த்துக்கொண்டாள். அவர் போன மறு வருடமே ஆலை ஒரு பகுதியை மூடி, அவளோடு சேர்த்து நூற்றுச் சொச்சம் பேரை வீட்டுக்கு அனுப்பியது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் மனிதக் குரல் என்றால் அது தொலைக்காட்சியிலிருந்து வருவதுதான். பினாங்கிலிருந்த தம்பி தீபாவளிக்கு ஒரு முறையும் அப்பாவின் திதிக்கு ஒரு முறையும் கூப்பிடுவான்.

வேலை தேடிக்கொண்டிருந்தபோது இணையச் சேவை நிறுவனம் ஒன்றின் விளம்பரம் கண்ணில் பட்டது. வீட்டிலிருந்தபடியே வாடிக்கையாளர்களின் அழைப்பை எடுத்துப் பேச வேண்டும். மலாய், தமிழ், ஓரளவு ஆங்கிலம் தெரிந்தால் போதும். ஒரே ஒரு நிபந்தனை: வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்க வேண்டும், கணினியை ரௌட்டரில் வயரால் மாட்ட வேண்டும். கைப்பேசி இணையமெல்லாம் செல்லாது. தாமான் கெமுனிங்குக்கோ ஃபைபரே வந்திருக்கவில்லை. விசாரித்தபோது, அறுபது வீடாவது பெயர் கொடுத்தால் கேபிள் இழுப்பார்கள் என்றார்கள்.

புஷ்பவள்ளி ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மூன்று வாரம் சாயங்காலங்களில் வீடு வீடாகப் போனாள். பதினோரு வருடம் குடியிருந்த இடத்தில் பல முகங்களை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். அறுபத்தேழு பெயர் சேர்ந்தது. எட்டு மாதம் கழித்து லாரியில் கேபிள் உருளைகள் வந்து இறங்கின.

இணைப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்பு வந்த அன்று கடைசி வரிசைக்காரர்கள் எல்லாரும் அவளிடம்தான் வந்தார்கள். விண்ணப்பப் பாரம் எப்படி நிரப்புவது, நூறு எம்பி வேகம் போதுமா, முந்நூறு போடலாமா, இந்த ஒரு கிகா என்கிறார்களே அது எதற்கு என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் விளக்கிச் சொல்லி, அவரவர் அடையாள அட்டையைப் பார்த்துத் தன் கைப்பேசியிலேயே நிரப்பி அனுப்பினாள். வரிசையில் ஒன்பது வீடுகள். எட்டு வீட்டையும் முடித்துவிட்டுத் தன் வீட்டு எண்ணைத் தட்டியபோது, இந்த முகவரிக்கு இடமில்லை என்று வந்தது.

கேபிள் பொருத்த வந்த சைபுல் ஏணியில் ஏறி, கம்பத்துப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு இறங்கினான்.

"அக்கா, பாக்ஸ் பெனூ, நெறஞ்சிருச்சி. எட்டு போர்ட்தான், எட்டும் போயிருச்சி. புது பாக்ஸ் போடணும், இல்லாட்டி யாராச்சும் லைனை வெட்டணும்."

எப்போது புதுப் பெட்டி போடுவார்கள் என்று அவள் கேட்டாள்.

"ஒரு வீட்டுக்காகப் போட மாட்டாங்க லா," என்றான். அவனுக்கே சொல்லக் கஷ்டமாக இருந்தது. நின்று ஏணியைத் துடைத்தான்.

வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த நவமணி இதைக் கேட்டாள். அவளுக்கு அறுபத்து மூன்று வயது. பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலை நடத்தி ஓய்ந்தவள். புருஷன் இறந்து வருடங்கள் ஆகின்றன. ஜொகூரில் இருந்த மகள் உமாராணி, பேரப்பிள்ளைகள் பாட்டியைத் தெளிவாகப் பார்க்க வேண்டும் என்று இருப்பதிலேயே பெரிய திட்டத்தைப் போடச் சொல்லியிருந்தாள். அந்த ஒரு கிகாவில் நவமணி நாடகம் பார்த்தாள். பெயர் கேட்டும் பாரம் நிரப்பவும் பேசியதைத் தவிர, பதினோரு வருடமாக இரண்டு பெண்களும் வேலியோரம் தலையசைப்பதோடு சரி.

"எங்கூட்ல சும்மாதானே ஓடிக்கிட்டு இருக்கு," என்றாள் நவமணி. "வந்து ஒக்காந்து செய்யேன்."

புஷ்பவள்ளி முதலில் தயங்கினாள். ஒரு வாரம் மட்டும் என்று சொல்லிப் போனாள். இரண்டு வருடம் ஆனது.

காலை எட்டு மணிக்குக் கணினியைத் தூக்கிக்கொண்டு போய், நவமணியின் வரவேற்பறை மூலையில் உட்காருவாள். நிறுவனம் அனுப்பிய காதொலிப்பானை மாட்டிக்கொண்டால் வெளிச்சத்தம் எதுவும் கேட்காது. நாளைக்கு நாற்பது அழைப்பு வரும். பெரும்பாலும் ஒரே புகார்தான்: ஒரு கிகா என்று சொல்லி விற்றீர்கள், வேகத்தைக் காணோம். அவள் பொறுமையாகக் கேட்பாள். பழைய ரௌட்டரை அப்படியே மாட்டியிருப்பார்கள். அதில் பத்தில் ஒரு பங்குதான் கடக்கும். இல்லாவிட்டால் நல்ல ரௌட்டரை வாங்கிக் கொண்டுபோய் அலமாரிக்குள் பூட்டி வைத்திருப்பார்கள். திறந்த இடத்தில், வீட்டுக்கு நடுவில், நெஞ்சு உயரத்தில் வையுங்கள் என்பாள். இதை மூன்று நாள் சமையலறையிலிருந்து கேட்ட நவமணி, நாலாம் நாள் தன் ரௌட்டரைக் கண்ணாடி அலமாரியிலிருந்து எடுத்து, மேலே போட்டிருந்த பின்னல் துணியையும் உருவிவிட்டு, மேசையில் வைத்தாள். அடுத்த வருடத்துக்குள் பசாரில் யாராவது லைன் ஸ்லோ என்றால், "பழைய ரௌட்டரா?" என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டாள்.

மதியம் ஒரு மணிக்கு அரை மணி நேர ஓய்வு. நவமணி சோறும் ரசமும் நெத்திலி சம்பலும் எடுத்து வைத்திருப்பாள். அந்த அரை மணியில் பேச்செல்லாம் அவளுடையதுதான். சிற்றுண்டிச்சாலையில் காசு கொண்டுவராத பிள்ளைகள், புருஷனின் கோபம், உமாராணியின் பிரசவம். புஷ்பவள்ளி கேட்டுக்கொண்டே சாப்பிடுவாள். அப்பா படுத்த பிறகு அவளுக்கு யாரும் பரிமாறியதில்லை.

போன மார்ச்சில் ஒரு புதன்கிழமை. மெர்கோங்கிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். புது ரௌட்டரில் விளக்கு விட்டுவிட்டு எரிகிறது, என்ன செய்தாலும் நிற்கவில்லை என்றார். அந்த அழைப்பு பதினெட்டு நிமிடம் நீண்டது. முடிந்ததும் தண்ணீர் குடிக்கப் பின்பக்கம் போனவள், குளியலறை வாசலில் நவமணி ஒருக்களித்துக் கிடப்பதைப் பார்த்தாள். தரை ஈரமாக இருந்தது. ஒரு செருப்பு கதவருகே கிடந்தது.

"காலைத் தூக்க முடியல, புஷ்பா," என்றாள் நவமணி.

ஆம்புலன்ஸ் வந்தது. கூலிம் மருத்துவமனையில் இடுப்பெலும்பு முறிந்திருப்பதாகச் சொல்லி அறுவை செய்தார்கள். மறுநாள் உமாராணி விமானம் பிடித்து வந்தாள். அம்மாவின் தலைமாட்டில் நின்றுகொண்டு, "நீங்க வீட்லதானே இருந்தீங்க அக்கா?" என்று கேட்டாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை. ஆமாம் என்றாள் புஷ்பவள்ளி. அவள் கூட இருந்ததால்தான் பிழைத்தேன் என்று நவமணி மகளிடம் சொன்னாள். அது புஷ்பவள்ளிக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அம்மாவை இனி தனியாக விட முடியாது, ஜொகூருக்குக் கூட்டிப்போகிறேன் என்று உமாராணி முடிவெடுத்தாள். நவமணி மறுத்துப் பேசவில்லை. நவமணி மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் வீட்டைக் காலி செய்கிற வேலை தொடங்கியது. தண்ணீர், மின்சாரம், அப்புறம் இந்த இணையத்தையும் வெட்ட வேண்டும் என்று உமாராணி சொன்னபோது புஷ்பவள்ளி பாத்திரங்களைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். இந்த இரண்டு வருடத்தில், யார் வீடு மாறிப் போவார்கள், எப்போது ஒரு போர்ட் விடுபடும் என்று அவள் சில சமயம் கணக்குப் போட்டதுண்டு. அந்த நினைப்பில் இந்த வீடு வந்ததே இல்லை. அடுத்த தட்டை எடுத்துச் சுற்றினாள்.

நவமணிதான் கட்டிலிலிருந்து பேசினாள்.

"வெட்டுற அன்னைக்கே நீ போட்டுரு. ஆறாவது வீட்டுக்காரன் ரெண்டாவது லைன் கேட்டுக்கிட்டே இருக்கான். முந்திக்குவான்."

ஒரு வெள்ளிக்கிழமை காலை மூவரும் அந்தக் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். உமாராணி கைப்பேசியில் நிறுவனத்தைக் கூப்பிட்டு இணைப்பை ரத்து செய்யச் சொன்னாள். புஷ்பவள்ளி தன் விண்ணப்பத்தை நிரப்பி வைத்துக்கொண்டு, மணிக்கொரு தரம் அழுத்திப் பார்த்தாள். மத்தியானம் மூன்றரைக்கு ஏற்றுக்கொண்டது. கிடைச்சிருச்சா என்று நவமணி கேட்டாள். கிடைத்துவிட்டது என்றாள். உமாராணி சந்தோஷப்பட்டு அவள் தோளைத் தட்டினாள். புஷ்பவள்ளி எழுந்துபோய்ப் பெட்டிகளுக்குக் கயிறு கட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் புறப்பட்டார்கள். புதன்கிழமை சைபுல் வந்தான். நவமணி வீட்டுக்குப் போன கம்பியைக் கழற்றிவிட்டு இவள் வீட்டுக்குப் புதிதாக இழுத்தான். புது ரௌட்டர், ஒரு கிகாவை முழுசாகத் தாங்கும் என்றான். வேகத்தை அளந்து, தொள்ளாயிரத்து நாற்பது என்று கைப்பேசியை நீட்டிக் காட்டினான். அவள் சந்தோஷப்படுவாள் என்று அவன் காத்திருந்தது தெரிந்தது. நல்லாருக்கு தம்பி என்றாள். தேநீர் போட்டுக் கொடுத்தாள். இன்னும் இரண்டு வீடு இருக்கிறது என்று பாதியைக் குடித்துவிட்டுப் போனான்.

அப்பாவின் கட்டில் கிடந்த இடத்தில் மேசையைப் போட்டுக்கொண்டாள். நாற்பது அழைப்பு, நாற்பது பேருக்கு வணக்கம். சாயங்காலம் கணினியை மூடும்போது தொண்டை கட்டியிருக்கும், ஆனால் அந்த நாளில் அவளிடம் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். மதியத்தில் ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்றுவிட்டு, அரை மணி முடியும் முன்பே திரும்ப உட்கார்ந்துவிடுவாள். அந்த வருடம் அவளுக்கு நற்சான்றிதழ் வந்தது. மின்னஞ்சலில் வந்ததால் சுவரில் மாட்ட ஒன்றுமில்லை.

ஞாயிறுதோறும் நவமணியைக் காணொளியில் கூப்பிட்டாள். படம் அவ்வளவு துல்லியம், வகிட்டில் நரை கூடியிருப்பதுகூடத் தெரிந்தது. ஆனால் பேரன் கைப்பேசியைப் பிடுங்கிக்கொள்வான், அல்லது மருந்து மயக்கத்தில் நவமணி பாதியில் கண் அசந்துவிடுவாள். வாரம் ஒரு அழைப்பு என்பது இரண்டு வாரத்துக்கு ஒன்றானது. பக்கத்து வீட்டுக் கதவில் வாடகைக்கு என்ற அட்டை தொங்கியது.

டிசம்பரில் விடுப்பு எடுத்துக்கொண்டு ஜொகூருக்குப் பேருந்து ஏறினாள். நவமணி நடைச்சட்டத்தைப் பிடித்து நாலு எட்டு வைத்தாள். முகம் சுருங்கியிருந்தது. இரண்டாம் நாள் உமாராணி வேலைக்கும் பிள்ளைகள் டியூசனுக்கும் போயிருந்தார்கள். ஒன்பது மாதமாக உள்ளே வைத்திருந்ததைப் புஷ்பவள்ளி அப்போதுதான் சொன்னாள்.

"நீங்க விழுந்த அன்னைக்கு நான் காதுல அதை மாட்டியிருந்தேன் அக்கா. நீங்க கூப்பிட்டது எனக்குக் கேக்கல."

நவமணி கொஞ்சம் யோசித்தாள்.

"நான் கூப்பிடவே இல்லியே."

புஷ்பவள்ளி அவளையே பார்த்தாள்.

"நீ அந்த ஆள்கிட்ட லைட்டு செவப்பா பச்சையான்னு கேட்டுக்கிட்டு இருந்த. நடுவுல எந்திரிச்சா வேலைக்கு ஆகாதுன்னு சொல்லியிருக்கல்ல. நீ முடிச்சிட்டு வந்துருவன்னு படுத்திருந்தேன்."

தன் மேல் தப்பில்லை என்று தெரிந்தால் பாரம் இறங்கும் என்று புஷ்பவள்ளி எத்தனையோ நாள் நினைத்திருந்தாள். இறங்கவில்லை. முறிந்த இடுப்போடு ஈரத்தில் கிடந்து ஒருத்தி பதினெட்டு நிமிடம் தன் குரலைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். எழுந்து சமையலறைக்குப் போய்க் கோப்பைகளைக் கழுவினாள். கழுவியதையே மறுபடி கழுவினாள். திரும்பி வந்து, நவமணியின் கால் பக்கம் உட்கார்ந்து, வீங்கியிருந்த பாதத்தை மெல்லப் பிடித்துவிட்டாள். இருவரும் நாடகம் பார்த்தார்கள்.

கிளம்பும்போது நவமணிதான் யோசனை சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், வீடு நிறைய ஆள். வார நாளில் ஒரு மணிக்குக் கூப்பிடு, பேசாவிட்டால் பரவாயில்லை, சும்மா போட்டே வைத்திரு.

இப்போது வார நாளில் தினமும் ஒரு மணிக்குப் புஷ்பவள்ளி கைப்பேசியைத் தண்ணீர்ப் புட்டியில் சாய்த்து வைத்துவிட்டுச் சாப்பிட உட்காருகிறாள். மறுபடி சோறு வடிக்க ஆரம்பித்திருக்கிறாள். சில நாள் நவமணி இரண்டு வார்த்தை பேசுகிறாள். பல நாள் சாய்வு நாற்காலியில் வாயைத் திறந்தபடி தூங்குகிறாள். பின்னால் மின்விசிறி சுற்றுவது தெரிகிறது. ஒன்றரை ஆனதும் புஷ்பவள்ளி அவளை எழுப்பாமல் இணைப்பைத் துண்டித்துவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, மேசைக்குப் போகிறாள்.