பூட்டக்காவும் ஒரு பதினைந்து நிமிடமும்

அந்தத் தையல் ஆலையில் அவளைப் பூட்டக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பட்டன் தைக்கச் சேர்ந்தவள். துணியை எந்த வடிவில் வெட்ட வேண்டும் என்று முதலில் பேப்பரிலும் பிறகு கம்ப்யூட்டரிலும் வரையக் கற்று, நாற்பத்துமூன்று வயதில் ஆலையின் ஒரே பேட்டர்ன் மாஸ்டர் ஆனாள். வரைகிற சாப்ட்வேருக்கான லைசென்ஸ் அவள் பெயரில் இருந்தது. சாம்பிள் அறை, கட்டிங் ஹால் என்று இரண்டு இடத்துக் கம்ப்யூட்டரிலும் அவள் அதைப் பயன்படுத்தலாம். ஒரே நேரத்தில் இரண்டிலும் கூடாது, வேறு யாரும் தொடவே கூடாது. அந்தக் கம்ப்யூட்டர்களிலோ ஊரே வந்து உட்காரும். அதனால் தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட லாக் அவுட் செய்துவிட்டுத்தான் எழுவாள். பெயர் வந்தது அப்படித்தான். பஸ் ஓட்டுகிற அவள் வீட்டுக்காரர்கூட, "என் பஸ்ஸையே நான் இவ்ளோ பத்திரமா பூட்டுறதில்ல" என்று கிண்டலடிப்பார்.

அப்படிப்பட்டவள் மீதுதான் பழி வந்து விழுந்தது. சாப்ட்வேர் கம்பெனியிலிருந்து வந்த ஆடிட்டர், இரண்டு கம்ப்யூட்டர்களிலும் பதிவாகியிருந்த நேரங்களைப் பேப்பரில் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். தினமும் பதினைந்து நிமிடம், ஒரே ஆள் இரண்டு இடத்திலும் உட்கார்ந்திருப்பதாகக் காட்டியது. முதலாளிக்கு மூக்குக்கு மேல் கோபம். தையல் ஹாலின் நடுவில் நின்று அறுபது பேர் கேட்கக் கத்தினார்.

"பாஸ்வேர்டை யாருக்கும்மா குடுத்த? லைசென்ஸ் போச்சுன்னா நாளையிலேருந்து நீ வேலைக்கே வர வேண்டாம்!"

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வேலை போவதைக்கூடத் தாங்கிக்கொள்வாள். ஏமாற்றுக்காரி என்ற பட்டத்தோடு போவதா? "அந்தப் பேப்பரைக் குடுங்க சார்" என்று ஆடிட்டரிடம் கை நீட்டினாள்.

விரலை வைத்து வரிவரியாகப் பார்த்தாள். சாம்பிள் அறையிலிருந்து கட்டிங் ஹாலுக்குப் போன நேரங்களில் குழப்பமே இல்லை. அங்கிருந்து திரும்பி வந்தபோது மட்டும் பதினைந்து நிமிடம் இடித்தது, அதுவும் ஒருநாள் விடாமல். இரண்டு இடத்துக்கும் நடுவே நடக்க ஐந்து நிமிடம். ஆக மொத்தம் இருபது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கட்டிங் ஹால் சுவர்க் கடிகாரம் இருபது நிமிடம் முன்னால் ஓடும் என்பது ஆலையில் தெரியாதவர் கிடையாது. டீக்குப் போனவர்கள் சீக்கிரம் திரும்பட்டும் என்று அந்த ஹாலின் சூப்பர்வைசர் செய்துவைத்த வேலை அது. ஆடிட்டரும் பின்னால் வர, அவள் நேராகக் கட்டிங் ஹாலுக்கே போனாள்.

"அண்ணே, கம்ப்யூட்டர்லயும் நேரத்தைத் தள்ளி வெச்சிருக்கீங்களா?"

சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தார். "சுவத்துல ஒரு நேரம், இதுல ஒரு நேரம் காட்டினா யாரும்மா நம்புவா? அதான் ரெண்டையும் ஒண்ணாக்கிட்டேன்."

ஆடிட்டர் தன் செல்போனை அந்தக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். சரியாக இருபது நிமிட வித்தியாசம். பதிவுகளில் அதைக் கழித்ததும் ஒன்றுகூட இடிக்கவில்லை. "ஒரே ஆள்தான். இவங்க மேல ஒரு தப்பும் இல்ல. இவ்ளோ ஒழுங்கா லாக் அவுட் பண்றவங்கள நான் பாத்ததே இல்ல" என்றார்.

முதலாளி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "தப்பா நெனச்சுட்டேம்மா, மனசுல வெச்சுக்காத" என்றார், குரலைத் தாழ்த்தி.

அவள் எழுந்து கதவை அகலத் திறந்தாள்.

"என்னைத் திட்டினது அங்க நின்னு, சார். இதையும் அங்கயே வந்து சொல்லுங்க."

முதலாளி வந்தார். சொன்னார். அறுபது பேரும் மெஷினை நிறுத்திவிட்டுக் கை தட்டினார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டியவர் சூப்பர்வைசர்தான். கடைசிக் கைதட்டல் ஓயும் வரை அவள் நிமிர்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.