வால்வில் கட்டிய சிவப்புத் துணி

கடலூர் துறைமுகத்துப் பக்கம் ஒன்று, சிதம்பரத்தில் ஒன்று என்று எங்கள் முதலாளிக்கு இரண்டு ஐஸ் பேக்டரி. மிஷின் இரண்டிலும் ஒரே மாதிரிதான், வேலை செய்யும் முறைதான் ஊருக்கு ஊர் வேறு. கடலூரில் குழாயைப் பிரித்தால், அதற்கு மூச்சை அடைக்கும் அமோனியா வாயு வரும் வால்வை மூடிச் சிவப்புத் துணி கட்டுவோம். கட்டியவன்தான் அவிழ்க்க வேண்டும். சிதம்பரத்தில் வாயால் சொல்லிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

இரண்டு இடத்துக்கும் ஒரே முறை கொண்டுவரும் வேலை என் தலையில் விழுந்தது. துணி வேண்டாம், வால்வுக்குப் பூட்டு போடலாம், சாவி வேலை செய்கிறவன் பையில் இருக்கட்டும் என்று மன்றாடினேன்.

"கடலூர்ல நடக்குறதுதான அங்கியும் நடக்கணும். துணியே போதும்யா," என்றார் முதலாளி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சம்பளம் கொடுக்கிறவர் சொன்னால் என்ன செய்வது? சிதம்பரத்துக்கும் துணியே வந்தது.

ஆயுத பூஜைக்கு மறுநாள் சிதம்பரத்தில் ஒரு குழாய் ஒழுகியது. கடலூரிலிருந்து ஃபிட்டரைக் கூட்டிப்போனேன். ஃபிட்டர் வேறு யாருமில்லை, என் தங்கை வீட்டுக்காரர். மச்சான் வால்வை மூடினார், துணியைக் கட்டினார், சுவருக்கு அந்தப் பக்கம் போய்க் குழாயைப் பிரித்தார்.

வாசலில் நின்றவன் தற்செயலாகத் திரும்பினேன். சிதம்பரத்து ஆபரேட்டர் அந்தத் துணியை அவிழ்த்துத் தோளில் போட்டிருந்தார். கை வால்வுச் சக்கரத்தைத் திருகிக்கொண்டிருந்தது. கத்தினேன். கம்ப்ரஸர் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஈரத் தரையில் வழுக்கி விழுந்து, எழுந்து ஓடினேன். அதற்குள் அமோனியா நெடி மூக்கில் ஏறியது. அவரைத் தள்ளிவிட்டுச் சக்கரத்தை இறுக்கினேன்.

மச்சான் கண்ணைத் திறக்க முடியாமல், இருமிக்கொண்டே தவழ்ந்து வெளியே வந்தார்.

ஆபரேட்டர் தோளிலிருந்த துணியை எடுத்துக் காட்டினார். "பூஜ துணின்னு நெனச்சேன் சார். நேத்து எல்லா மிஷினுக்கும் நாங்கதான கட்டுனோம். அவுத்துக்கிட்டே வந்தேன். பூஜைக்கு மூடுன வால்வ மறந்துட்டாங்க போலன்னு தொறந்தேன்."

சுற்றிப் பார்த்தேன். சந்தனமும் குங்குமமும் வைத்த மிஷின்களில் இன்னும் அவிழ்க்காமல் அதே சிவப்புத் துணிகள். அவரைத் திட்டி என்ன பயன்? முதலாளிக்குப் போன் போட்டேன். பூட்டு வராமல் ஒருத்தனையும் குழாயில் கைவைக்க விடமாட்டேன் என்றேன். சரி என்றார்.

இப்போது இரண்டு ஊரிலும் பூட்டுதான். மச்சான் குழாய் வேலைக்குப் போகிற நாளில் தங்கை எனக்குப் போன் செய்வாள். சாப்பிட்டாரா, எப்போது வருவார் என்றெல்லாம் கேட்கமாட்டாள்.

"அண்ணா, சாவி அவுரு பையிலதான இருக்கு?"

நான் போய் அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.