என் தலைமேல் ஒரு சத்தியம்

எண்ணூர் ரோட்டில் எத்தனை டிரைவர்கள் போன் பேசிக்கொண்டே ஓட்டுகிறார்கள் என்று எண்ணுவதற்கு ஒரு கல்லூரியில் ஆள் தேடினார்கள். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தது ஆராய்ச்சிமேல் உள்ள ஆசையால் அல்ல. என் வீட்டுக்காரர் அதே ரோட்டில் துறைமுகத்துக்கு கன்டெய்னர் ஏற்றிப் போகிற டிரைலர் டிரைவர். ஓட்டும்போது போனைத் தொடுவதில்லை என்று என் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தார். தலை என்னுடையது என்பதால் பயமாக இருந்தது. அவரிடம் இந்த வேலையைப் பற்றி மூச்சு விடவில்லை.

திருவொற்றியூரில் ஒரு டீக்கடை ஓரமாக, பரீட்சை அட்டையும் பேனாவுமாக நின்றேன். ஓடுகிற வண்டியில் போன் பேசினால் ஒரு கோடு. முதலில் கோடு போடவே ஆள் கிடைக்கவில்லை. நம்ம ஊர் ஆட்களை அநியாயமாகத் திட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஒரு டீ குடித்தேன். குடித்துவிட்டு நிமிர்ந்தால், வருகிற டிரைலரில் எல்லாம் டிரைவர் காதில் போன்.

டீக்கடைக்காரர்தான் விளக்கினார். "உன்ன அபராதம் எழுதற ஆளுன்னு நெனச்சிகினு கீறானுங்கக்கா. போன் எடுக்காதன்னு பின்னாடி வர்றவனுக்கு போன் போட்டு சொல்லிகினு கீறான்."

பின்னால் வருகிறவரும் ஓட்டிக்கொண்டே அதை எடுத்துப் பொறுப்பாகக் கேட்டுக்கொண்டார். சொன்னவருக்கு ஒரு கோடு, கேட்டவருக்கு ஒரு கோடு போட்டேன்.

அப்போது என் போன் அடித்தது. வீட்டுக்காரர்.

"இன்னாமே, வூட்லதான கீற? ஸ்கூட்டர் எடுத்துகினு வந்தீன்னா போன தொடாத. எவளோ ஒருத்தி ரோட்ல நின்னு எழுதிகினு கீறாளாம்."

எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். வண்டியை ஓரங்கட்டிவிட்டுத்தான் பேசுகிறேன் என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள், காலையில் நானே எலுமிச்சம்பழம் கட்டி அனுப்பிய டிரைலர் எதிரே வந்தது. ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை காதில். சிரிப்புதான் முதலில் வந்தது. பிறகு அந்த ஒற்றைக் கையைப் பார்த்தேன். அவ்வளவு பெரிய இரும்புப் பெட்டியை இழுத்துக்கொண்டு என்னைப் பத்திரமாக இருக்கச் சொல்கிறார் இந்த மனுஷன்.

"அந்த ஒருத்தி நாந்தான்யா. போன வெச்சிட்டு ரெண்டு கையால புட்சி ஓட்டு."

திரும்பிப் பார்த்தார். போன் காதிலிருந்து இறங்கியது. நல்ல பிள்ளையாக இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனார். அவருக்கும் ஒரு கோடு போட்டேன். இனியாவது திருந்துவார் என்று நிஜமாகவே நம்பினேன்.

கொஞ்ச நேரத்தில் வந்த டிரைலரிலிருந்து டிரைவர் எட்டிப் பார்த்து, "வணக்கம் அண்ணி" என்றார். அடுத்து வந்தவரும் அண்ணி என்றார். அதற்கடுத்தவர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

நான் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.