கூடுதலாக நின்ற ஒரு பித்தளைக் கால்

நான் செய்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் தெரியாது என்று சொல்லக் கூடாது.

கண்டிக்குப் பக்கத்தில், பிலிமத்தலாவையில் பெரிய வீதியோரம், லொறிகளுக்கும் பஸ்களுக்கும் வயர் இழுக்கும் கடை போட்டேன். தொடக்கத்தில் அது நான்கு கம்பும் ஒரு தார்ப்பாயும்தான். ஐந்தாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லொறிக்கு அடியில் மல்லாந்து படுத்து, எந்த நிற வயர் எங்கே போய் முடிகிறது என்று பார்த்துப் பார்த்தே தொழில் படித்தேன். ஆடுகூட நிற்காது என்று ஊரார் சிரித்த சரிவில் வீடு கட்டினேன். வீடு நிற்கிறது. சிரித்தவர்கள்தான் இப்போது ஏறி வர முடியாமல் கீழே நின்று கூப்பிடுகிறார்கள். கோயில் தேருக்கு ஓடும் விளக்கு செய்தேன். மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். என் கடையின் முன்பாதியைச் சுவர் வைத்துப் பிரித்து, இளைய மகளுக்கு டைப்பிங், போட்டோக்கொப்பிக் கடை போட்டுக் கொடுத்தேன்.

இதையெல்லாம் ஊர் ஒத்துக்கொள்ளும். அந்தக் கடையில் செத்துக் கிடந்த கொம்பியூட்டரை எழுப்பியதும் நான்தான். அதை மட்டும் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் கைவேலை தெரிந்தவனை ‘பாஸ்’ என்பார்கள். மேசன் பாஸ், தச்சுப் பாஸ். நான் வயரிங் பாஸ். அதே வேலையைச் சான்றிதழோடு வந்து செய்தால் ‘சேர்’. பாஸுக்கு வாசலில் வைத்துத் தேநீர் கொடுப்பார்கள். சேருக்கு உள்ளே உட்காரக் கதிரை போடுவார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை கண்டியிலிருந்து ஒரு சேர் வந்தார். முப்பது வயது இருக்கும். மகளின் கொம்பியூட்டர் பழையது, சூடாகி நின்றுவிடும். அதன் உள்ளே இருக்கும் பெரிய போர்டைக் கழற்றிப் புதுப் பெட்டியில் பூட்டி, புதுப் பவர் சப்ளையும் கூடுதல் மெமரியும் போட வந்திருந்தார். மகளுக்கு அவசரம். இரண்டு பள்ளிக்கூடங்களின் தவணைப் பரீட்சைத் தாள்கள் அதற்குள்ளே இருந்தன. திங்கட்கிழமை காலை அச்சடித்துக் கொடுக்க வேண்டும்.

சேர் எல்லாவற்றையும் பூட்டி சுவிட்சை அழுத்தினார். காற்றாடி அரைச் சுற்று சுற்றி நின்றது. மறுபடி அழுத்தினார். அதே அரைச் சுற்று. மெமரியைக் கழற்றி, அதன் பல்லை அழிறப்பரால் தேய்த்துச் செருகினார். பழைய பவர் சப்ளையைக் கொடுத்துப் பார்த்தார். அரைச் சுற்றுக்கு மேல் அது போகவே இல்லை. கடைசியில் போர்டை வெளியே எடுத்து, மேசையில் ஒரு அட்டைப்பெட்டி மேல் வைத்து, ஸ்க்ரூ டிரைவர் முனையால் இரண்டு ஊசிகளைத் தொட்டார். காற்றாடி ஓடியது, திரையில் வெளிச்சம் வந்தது. மகள் கைதட்டினாள். பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். மறுபடி செத்தது.

“மிஸ், போர்ட் போயிருச்சு. உள்ளுக்குள்ள எங்கயோ வெடிச்சிருக்கு. ஒரு நேரம் வேலை செய்யும், ஒரு நேரம் செய்யாது,” என்றார்.

நான் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாயை மூட முடியவில்லை.

“வெளிய உசுரோட இருந்துச்சு. உள்ள போனதும் செத்துச்சு. அப்ப குத்தம் போர்ட் மேல இல்ல சேர், பெட்டி மேல. எங்கயோ பாடியில எர்த் ஆகுது.”

சேர் சிரித்தார். “பாஸ், இது லொறி இல்ல. தள்ளி விட்டு ஸ்டார்ட் பண்ண ஏலாது.”

“லொறியா இருந்தா இந்நேரம் கடுகண்ணாவை ஏத்தத்தையே தாண்டியிருக்கும்.”

“அப்பா, சும்மா இருங்க,” என்றாள் மகள். சேர் போர்டை மறுபடி கழற்றி அட்டை மேல் வைத்துவிட்டு, வேறு போர்ட் கொண்டு வருவதாகச் சொல்லி கண்டிக்கு பஸ் ஏறினார்.

லொறியில் கரண்ட் போவதற்குத்தான் வயர். திரும்பி வருவதற்கு லொறியின் இரும்பு உடம்பே வழி. படக் கூடாத இடத்தில் உடம்பு பட்டால் ஃபியூஸ் போகும், லைட் சாகும். நாற்பது வருஷமாக நான் தேடித் தேடிப் பிடித்தது இந்த ஒன்றைத்தான். தகரப் பெட்டிக்கு மட்டும் வேறு சட்டமா?

என்ஜினுக்கு காஸ்கட் வெட்டுகிறவன் அளவுகோல் பிடிப்பதில்லை. என்ஜின் முகத்தில் தாளை விரித்துத் தட்டினால் ஓட்டைகள் தானாகத் தாளில் விழும். நானும் அதைத்தான் செய்தேன். சேர் செய்ததைப் பார்த்திருந்ததால், முதலில் உடம்புக் கரண்ட் இறங்கட்டும் என்று பெட்டித் தகரத்தில் கையை வைத்தேன். பிறகு ஒரு போட்டோக்கொப்பித் தாளை எடுத்து, போர்டின் கீழ்முகத்தில் மெதுவாக விரித்து, ஸ்க்ரூ ஓட்டை இருக்கும் இடத்திலெல்லாம் பென்சிலால் குத்தினேன். எட்டு ஓட்டை.

“என்னாப்பா பண்றீங்க? ஒடச்சிறாதீங்க!”

“செத்துப்போச்சுன்னு சேரே சொல்லிட்டாரே. செத்தத இனி எப்புடி ஒடைக்கிறது?”

தாளைப் புரட்டிப் பெட்டிக்குள் விரித்தேன். போர்டைத் தாங்க, பெட்டியின் அடித்தகட்டில் சின்னச் சின்னப் பித்தளைக் கால்கள் பூட்டியிருக்கும். எட்டுக் கால்கள் எட்டு ஓட்டைக்கும் நேராக வந்தன. ஒன்பதாவது கால், ஓட்டையே இல்லாத இடத்தில் தாளைக் கூடாரம் போலத் தூக்கிக்கொண்டு நின்றது. பெரிய போர்டுக்கும் ஆகட்டும் என்று பெட்டி செய்த கம்பனியே பூட்டி அனுப்பிய கால் அது. சேர் ஓட்டை உள்ள இடங்களைப் பார்த்துப் பூட்டினார். ஓட்டை இல்லாத இடத்தை அவர் பார்க்கவே இல்லை. போர்டின் கீழ்முகத்தைப் பார்த்தேன். அந்தக் கால் முட்டிய இடத்தில், ஈயப்பொட்டு ஒன்று தேய்ந்து பளபளத்தது.

“இங்க பாரு. எர்த்.”

மகள் குனிந்து பார்த்தாள். குறட்டால் அந்தக் காலைத் திருகி எடுத்தேன்.

பிறகு போர்டைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, அதில் உள்ள எறும்பளவு எழுத்துக்களை அவள் படித்துச் சொல்ல, நான் வயர்களைச் செருகினேன். முதலில் அழுத்தியபோது அரைச் சுற்றுகூட வரவில்லை. அதை எழுதாமல் விடலாம், ஆனால் நான் பயந்து மறைக்கிறவன் இல்லை. சுவிட்ச் வயரைப் பக்கத்து ஊசியில் செருகிவிட்டேன். மாற்றிச் செருகி அழுத்தினேன். காற்றாடி முழுதாகச் சுற்றியது. பெட்டி ஒருமுறை ‘பீப்’ என்றது. திரையில் வெளிச்சம் வந்தது, அவளுடைய தாள்கள் எல்லாம் வந்தன.

சேர் புது போர்டோடு திரும்பியபோது பிரின்டர் ஓடிக்கொண்டிருந்தது. பித்தளைக் காலை அவர் முன்னால் வைத்தேன்.

“ஓ, இதா? இது எல்லாப் பெட்டியிலயும் ஒன்னு ரெண்டு கூட வரும் பாஸ். காலையில நான் எல்லாத்தையும் கழட்டிப் பூட்டினேன் இல்லையா, அதுல செட் ஆகியிருக்கும்,” என்றார். சொல்லிக்கொண்டே பையிலிருந்து அவர் கடை ஸ்டிக்கரை எடுத்துப் பெட்டியின் பக்கத்தில் ஒட்டி, விரலால் நீவிவிட்டார். மகள் அவருக்கு உள்ளே கதிரை போட்டுத் தேநீர் கொடுத்தாள்.

திங்கட்கிழமை தாள்களை எடுக்க ஒரு பள்ளிக்கூட அதிபர் வந்தார். நான் கதிரையில் உட்கார்ந்து, தாள்களை ஸ்டேப்ளரால் பின் அடித்துக்கொண்டிருந்தேன்.

“மெசின் பழுதுன்னு கேள்விப்பட்டேனே. யாரு செஞ்சு குடுத்தா?”

“கண்டியிலேர்ந்து சேர் வந்து செஞ்சாரு,” என்றாள் மகள். என் பக்கம் திரும்பவில்லை.

அவர் போன பிறகு கேட்டேன். “ஏன் அப்புடிச் சொன்ன?”

“அப்பா செஞ்சாருன்னு சொன்னா நம்பி வேல குடுப்பாங்களாப்பா?”

நம்ப மாட்டார்களாமே! கடுகண்ணாவை வளைவுகளில் மழை இருட்டில் இறங்கிய எத்தனை பஸ்ஸின் லைட் நான் இழுத்த வயரில் எரிந்தது? அன்றைக்கு உள்ளே தூங்கிக்கொண்டு வந்தவர்கள் யாரை நம்பித் தூங்கினார்கள்? பாடி கட்டியவன் தன் பேரைப் பின்பலகையில் எழுதினான். பெயின்ட் அடித்தவன் மூலையில் கையெழுத்துப் போட்டான். வயர் தகரத்துக்குள்ளே ஓடுகிறது, அதனால் வயர்காரன் பேருக்கு இடமில்லை என்றார்கள். அப்போது பொறுத்தேன். இனிப் பொறுக்க மாட்டேன்.

இதை நான் கொப்பியில் எழுதுகிறேன். டைப் அடிக்கப் போகிறவள் மகள்தான், அதே பெட்டியில்தான். மகளே, ஒரு வரியையும் விடாதே. முதலில் பூட்டியது சேர் என்று எழுதிக்கொள், அது உண்மை. அந்த ஸ்டிக்கருக்கு மேலே, அதைவிடப் பெரிய எழுத்தில், ‘எழுப்பியது: வயரிங் பாஸ்’ என்று எழுது. வெள்ளைப் பெயின்ட் என்னிடம் இருக்கிறது. அடுத்த தவணைக்கும் அதிபர் வருவார். நான் அதே கதிரையில்தான் இருப்பேன். கையை நீட்டி, என்னைக் காட்டிச் சொல்.