உள்ளங்கையில் விழுந்த சிவப்புப் புள்ளி

2024ஆம் ஆண்டு அக்டோபர் 17, வியாழக்கிழமை. விடியற்காலையிலிருந்து தூறல். கல்வராயன் மலைப்பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. காற்று சிறிதும் இல்லை.

மழை பெய்கிறது என்பதைச் சின்னதுரை கண்ணால்தான் அறிந்துகொண்டார். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் செல்லும் சாலையில், தகரக் கூரை வேய்ந்த கடை அவருடையது. தகரத்தில் தூறல் விழுந்தால் உள்ளே நிற்பவர்கள் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும். அவரோ, வாசலில் தேங்கிய நீரில் வட்டங்கள் எழுவதைப் பார்த்த பிறகே வெளியில் வைத்திருந்த ஸ்பீக்கர் பெட்டியை உள்ளே இழுத்தார். அதற்குள் பெட்டியின் மேல்பலகை ஊறிப்போயிருந்தது.

வயது ஐம்பத்திரண்டு. வீடுகளில் ஹோம் தியேட்டர் அமைத்துக் கொடுப்பது தொழில். அந்தத் தொழிலுக்கு வேண்டிய காது இரண்டும் அவரைக் கைவிட்டுக் கொண்டிருந்தன. இது அவருடைய மனைவி செவ்வந்தி ஒருத்திக்குத்தான் தெரியும்.

செவ்வந்தி கடைக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து வந்து, மேசையை இரண்டு முறை தட்டி, அவர் நிமிர்ந்த பிறகு பேசினாள். தொலைபேசியை எடுப்பதும் அவள்தான்.

“வடக்கனந்தல் பூமாலை வூட்டுலேர்ந்து போனு. ரெண்டு நாளா சத்தமே வரலயாம். இன்னிக்கே வரச் சொல்றாங்க.”

“ஒயரு போயிருக்கும்.”

“எந்த ஒயரு? அந்தச் செவப்பு லைட்டு ஒயரா?”

சின்னதுரை ஸ்குரூ டிரைவரைத் தேடுவதுபோல் குனிந்தார். அவள் மீண்டும் மேசையைத் தட்டினாள்.

“குனிஞ்சிக்கினா நான் சொல்றது காணாம பூடுமா? எந்த வூட்டுக்குப் போனாலும் அதையே மாட்டிட்டு வர்றீங்க. ஏன்னு எனக்குத் தெரியாதா? மிசினை மாட்டிக்கினு போங்க.”

“காதுல மிசினு வச்சவங்கிட்ட எவன் ஸ்பீக்கர் மாட்டச் சொல்லுவான்? சமையக்காரனுக்கு நாக்கு செத்துப்போச்சின்னு தெரிஞ்சா யாரு பந்தில ஒக்காருவா?”

“நல்லா வாயி மட்டும் கேக்குது” என்று சொல்லிவிட்டு அவள் குடையை எடுத்துக் கொடுத்தாள்.

பத்தொன்பது ஆண்டுகள் அவர் கோயில் திருவிழாக்களுக்கு மைக் செட் கட்டியவர். ஆடி மாதம் முழுவதும் பனைமர உயரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு, அதன் அடியிலேயே ஆம்ப்ளிஃபயரைக் காவல் காத்து உட்கார்ந்திருப்பார். காது ஒரே நாளில் போய்விடவில்லை. முதலில் சில்வண்டு நின்றது. பிறகு குக்கரின் விசில் நின்றது. மனிதர் பேச்சில் வல்லின எழுத்துகள் தேய்ந்து, உயிரோசைகள் மட்டும் மிஞ்சின. உதடுகளைப் பார்த்தே தாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது, கொரோனாக் காலத்தில் ஊரே வாயை மூடிக்கொண்டபோதுதான் அவருக்குப் புரிந்தது. புதுச்சேரியில் ஒரு மருத்துவர் சோதித்து, இரண்டு காதுகளுக்கும் கருவி கொடுத்தார். அதை அணிந்து பேருந்தில் வந்தவர், கள்ளக்குறிச்சி நிலையத்தில் இறங்குமுன் கழற்றிவிட்டார். அன்று முதல் அது கருவிப்பையின் அடியில், தன் சிறு டப்பாவுக்குள்ளேயே இருக்கிறது.

செவ்வந்தி சொன்ன ஒயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். செட்டாப் பாக்ஸிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒலியைக் கொண்டுசெல்ல அதன் முதுகில் இரண்டு வழிகள் உண்டு. வட்டத் துளையில் செருகுவது கோஆக்சியல். அது செம்புக் கம்பி. சதுரத் துளையில் செருகுவது ஆப்டிகல். அதில் ஒலி வெளிச்சமாகச் செல்கிறது. எடுத்துச் செல்லும் ஒலியில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை, சுபாவத்தில்தான் வேறுபாடு. செம்புக் கம்பி இழுத்தாலும் மடக்கினாலும் தாங்கும். ஆனால் அதன் முனையில் பற்றவைப்பு சிறிது பிசகினாலும் ஒலியில் பொரிசத்தம் எழும். அதைக் காதுதான் கண்டுபிடிக்க வேண்டும். ஆப்டிகல் ஒயரைக் கூர்மையாக மடக்கினால் உள்ளே விண்டுபோகும். ஆனாலும் அது வேலை செய்கிறதா என்று அறியக் காது தேவையில்லை. முனையை உள்ளங்கைக்கு நேரே பிடித்தால் ஒரு சிவப்புப் புள்ளி விழும்.

அதனால்தான் நான்கு ஆண்டுகளாக அவர் எல்லார் வீட்டிலும் ஆப்டிகலையே மாட்டினார். எச்.டி.எம்.ஐ. ஒயர் ஏற்கும் புதுப் பெட்டிகளில் இந்தத் தொல்லையே இல்லை. திரையே எழுத்தில் சொல்லிவிடும். பூமாலையின் ஆம்ப்ளிஃபயர் பழையது. அதில் அந்த வழி கிடையாது.

ஆவணி மாதம் பூமாலையின் மனைவி ராஜாம்பாள் கடைக்கே வந்து அழைத்தாள். “சக்கரையால அவுருக்குக் கண்ணு ரெண்டும் பூடிச்சி, தம்பி. டிவிதான் பாக்க முடியாது, காதாலயாவது கேக்கட்டும். அவுரு எதிர்ல மட்டும் கண்ணுப் பேச்சை எடுத்துடாத” என்றாள்.

அங்கே சென்று பார்த்தபோது, சுவருக்குள் பதித்த குழாய் நேர்க்கோணமாக இரண்டிடத்தில் திரும்பியது. அங்கே போட வேண்டியது கோஆக்சியல்தான் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே ஆப்டிகலைச் செருகினார். வழக்கம்போல உள்ளங்கையில் சிவப்புப் புள்ளியை விழவைத்து ராஜாம்பாளிடம் காட்டினார். பழக்கத்தில் கை தானாகக் கட்டிலின் பக்கமும் நீண்டுவிட்டது.

பூமாலை அந்தக் கையின் திசைக்கு முகத்தைத் திருப்பி, “ஆமா, ஆமா. நல்லா செவப்பா தெரியுது” என்றார்.

ராஜாம்பாள் சமையலறைக்குள் போய்விட்டாள். சின்னதுரை கையை மெல்ல மூடிக்கொண்டார். அந்தப் பொய் அவருக்குப் புதியது அன்று. அவர் தினமும் சொல்வது அதுதான்.

இப்போது தூறலில் நனைந்தபடி அதே வீட்டின் முன் மொபெட்டை நிறுத்தினார்.

“வா தம்பி” என்று எதிரே நின்று சொன்னாள் ராஜாம்பாள். “ரெண்டு நாளா வூடு இழவு வூடு மாதிரி இருக்குது. அவுரு யாருகிட்டயும் பேசல. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வுடறாரு. பாரு, மக்காச்சோளம் களத்துல கெடக்குது, நான் போயி தார்ப்பாயி போட்டுட்டு வந்துடறேன்.”

அவள் போனதும் வீட்டில் இரண்டு ஆண்கள் மட்டும் இருந்தார்கள்.

பூமாலை கட்டிலில் சன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பார்வையுள்ளவர்கள் பேசும்போது எதிராளியின் பக்கம் திரும்புவார்கள். பூமாலைக்கு அந்தப் பழக்கம் போய்விட்டது. அவர் சன்னலுக்குச் சொன்ன சொற்களில் சின்னதுரையை வந்தடைந்தது, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோன்ற ஒரு முனகல் மட்டுமே.

“ஆமாங்கண்ணா” என்றார் சின்னதுரை, பொதுவாக.

ஒயரை உருவி எடுத்தார். முனையை உள்ளங்கைக்கு நேரே பிடித்தார். ஒன்றும் விழவில்லை. குழாய் திரும்புமிடத்தில் அது உள்ளுக்குள் விண்டிருந்தது. அதே குழாயில் இன்னோர் ஆப்டிகல் ஒயரைப் போட்டால் அடுத்த மாதம் அதுவும் விண்டுபோகும். அந்தக் கிழவருக்கு மீண்டும் இரண்டு நாள், நான்கு நாள் இருட்டோடு மௌனமும் சேரும். பையிலிருந்து செம்புக் கம்பியை எடுத்தார். நீளம் பார்த்து வெட்டி, முனைகளைச் சீவி, பற்றவைத்துச் செருகினார். விரல்கள் எதையும் மறந்திருக்கவில்லை.

ஆம்ப்ளிஃபயரின் முகப்பில் ‘டிஜிட்டல்’ என்ற எழுத்து நீலமாக ஒளிர்ந்தது. தொலைக்காட்சியில் ஒருவர் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். சின்னதுரை ஸ்பீக்கர் பெட்டியின் மீது கையை வைத்தார், பலகை அதிர்ந்தது. நிம்மதியாக மூச்சு விட்டார்.

“நல்லா இருக்குதுங்களாண்ணா?”

பூமாலை சன்னலைப் பார்த்து ஏதோ சொன்னார்.

“ஆமாங்கண்ணா, இனி கவலையில்ல.”

பூமாலை கையை உயர்த்தி மீண்டும் சொன்னார்.

“ஆமாங்கண்ணா, அது அப்படித்தான். ரொம்ப நாளைக்கி வரும்.”

மூன்றாவது முறை பூமாலை கட்டில் சட்டத்தை ஓங்கித் தட்டினார். அந்த அதிர்வு தரைவழியே சின்னதுரையின் காலுக்கு வந்தது. அவர் கருவிகளை ஒவ்வொன்றாகப் பையில் அடுக்கத் தொடங்கினார்.

ராஜாம்பாள் ஈரத்தலையோடு உள்ளே வந்து, இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சின்னதுரையின் எதிரே வந்து நின்றாள்.

“இன்னா தம்பி இது? கடுகு பொரியற மாதிரி படபடன்னு பொரியுதே. வாசல்ல வரும்போதே கேக்குது. அதைத்தான் அவுரு கத்திக்கினு இருக்காரு. நீ ஆமாண்ணா ஆமாண்ணான்னுகினு இருக்கிறியே, வெளயாடறியா?”

சின்னதுரை பெட்டியின் மீது மீண்டும் கை வைத்தார். பலகை முன்போலவே அதிர்ந்தது. கடுகு பொரிவதை அந்தப் பலகை அவருக்குச் சொல்லவில்லை.

“மழை நாளுங்கக்கா. ஈரத்துல அப்படி வரும். காஞ்சா சரியாப் பூடும்.”

“ஈரமாவது இன்னாவாவது. நீ ஸ்பீக்கரை முறைச்சிப் பாத்துக்கினு இருந்தா சரியாப் பூடுமா?”

அவள் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பூமாலை கையமர்த்தினார். சுவரைத் தடவி எழுந்து, மூன்று எட்டு வைத்து, காற்றில் துழாவிச் சின்னதுரையின் தோளைப் பிடித்தார். தோளிலிருந்து கை மேலேறி, கழுத்தைக் கடந்து, தாடையைத் தொட்டது. அந்தத் தாடையைத் தம் முகத்துக்கு நேரே திருப்பி வைத்துக்கொண்டார். அன்றைக்கு முதன்முறையாக அவருடைய உதடுகள் சின்னதுரைக்குத் தெரிந்தன.

“தொர, எம்மூஞ்சியப் பாரு. பாக்கறியா?”

“பாக்கறங்கண்ணா.”

“அன்னிக்கு உங்கையில செவப்பாத் தெரியுதுன்னு சொன்னேனே, ஞாபகம் இருக்குதா?”

“இருக்குதுங்க.”

“ஒண்ணுந் தெரியல. உங்கையே தெரியல. ஒரு வருசமா இவகிட்ட, நெழலாடுது, பொழுது தெரியுதுன்னு சொல்லிக்கினு இருந்தேன். அதுவும் பொய்யி.”

ராஜாம்பாள் ஈர முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். பூமாலையின் கை தாடையை விடவில்லை.

“இந்தப் பெட்டிய நீ மாட்டின அப்புறம்தான் எனக்குக் காலையும் சாயங்காலமும் தெரிஞ்சிது. செய்தி வந்தா விடிஞ்சிதுன்னு அர்த்தம். அதனால கேக்கறேன், மறைக்காத. இந்தப் பொரியற சத்தம் உனுக்குக் கேக்குதா?”

செருகிய முனையைக் குற்றம் சொல்லலாம். பெட்டி பழையது என்று சொல்லிக் கடைக்கு எடுத்துக்கொண்டு போய்விடலாம். நான்கு ஆண்டுகளாகச் சொல்லிப் பழகிய பதில்கள் நாக்கின் நுனியில் வரிசையாக நின்றன. உண்மையைச் சொன்னால், நாளை காலைக்குள் வடக்கனந்தல் கடைத்தெரு அறியும். ஞாயிற்றுக்கிழமைக்குள் கள்ளக்குறிச்சி அறியும். அதன்பின் அந்தத் தகரக் கூரையின் கீழ் யார் வருவார்கள் என்பதையும் அவர் அறிவார். கருவிப்பை காலடியில் திறந்து கிடந்தது. அதன் அடியிலிருந்த சிறு டப்பாவின் மூடி ஓரத்தில் தெரிந்தது.

பார்க்காத அந்தக் கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

“கேக்கலிங்கண்ணா” என்றார் சின்னதுரை.