ஒரே பட்டன்

நெல் கொள்முதல் நிலையத்தில் யார் நெல்லை எடுத்தாச்சு என்று விவசாயிகளே பார்க்கக் கம்ப்யூட்டர் திரை அமைக்க வந்தவர் அவர். ஒல்லியான மனிதர். தொடுமுன் திரையைச் சாமி படம்போலக் கைக்குட்டையால் துடைப்பார். வெளியே என் நெல் பத்து நாளாகக் கிழிந்த தார்ப்பாய்க்குள் கிடந்தது.

“பெரியம்மா, ஒரே பட்டன்தான். நீங்களே அமுக்குங்க.”

அமுக்கினேன். என் பேர் சிவப்பாக வந்தது.

“சிவப்புன்னா?”

“உங்க நெல்லை இன்னும் எடுக்கலைங்க.”

“அதான் எனக்கே தெரியுமே தம்பி. எப்ப எடுப்பாங்கன்னு எதை அமுக்கணும்?”

“அதைச் செய்யச் சொல்லி யாரும் கேக்கலைங்களே.”

மழை பிடித்தது. அவர் கம்ப்யூட்டர் கவரை உருவிக்கொண்டு ஓடிப்போய்த் என் தார்ப்பாய்க் கிழிசல்மேல் போர்த்தினார். உள்ளே கூரை ஒழுகித் திரை நனைந்தது. அப்படித் துடைத்துத் துடைத்து வைத்தவர், அன்று அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்கு என்ன ஆச்சோ, எனக்கு இன்னும் விளங்கவில்லை.