இருபத்தாறு குறைகளும் ஒரு கார்பன் தாளும்

1991 ஆகஸ்ட் பத்து, சனிக்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிடம். முந்தின இரவு பெய்த மழை விட்டிருந்தது. வெயில் வரவில்லை, புழுக்கம் மட்டும் இருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடிக்கு இருபத்திரண்டு படி ஏறி, மன வளர்ச்சிக்கும் ஆன்ம வளர்ச்சிக்கும் இரண்டு நாள் பயிற்சி என்று துணி கட்டியிருந்த வாசலில் செருப்பைக் கழற்றினேன். எனக்கு முன்னால் பத்தொன்பது ஜோடி கிடந்தன.

நானாகப் போகவில்லை. என் மனைவி அனுப்பினாள். அப்போது பென்னலூரில் வாடகைக்குக் குடியிருந்தோம். நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகளுக்கு போல்ட் செய்யும் சிறிய தொழிற்சாலை ஒன்றில் நான் ஸ்டோர் கீப்பர். பகலெல்லாம் போல்ட்டையும் வாஷரையும் எண்ணிவிட்டு வீட்டுக்கு வந்தால், தீக்குச்சியையும் சர்க்கரைக் கரண்டியையும் எண்ணுவேன். பூட்டிய கதவை நான்கு தடவை இழுத்துப் பார்ப்பேன். ஆடி மாதம் ஒரு நாள், குழம்பில் எத்தனை மிளகாய் போட்டாய் என்று கேட்டதற்கு அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இது வூடா, உங்க ஸ்டோர் ரூமா? இந்த எண்ற வேலய விட்டுடுங்க. இல்லன்னா நான் எங்க அண்ணன் வூட்டுக்குப் போயிடுவேன். சும்மா சொல்றேன்னு நெனைக்காதீங்க."

அவள் சும்மா சொல்கிற ஆள் இல்லை. பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருந்த பயிற்சி நோட்டீசைக் கிழித்துக்கொண்டு வந்தவளும் அவள்தான்.

பயிற்சி நடத்தியவர், கல்லூரியில் மனோதத்துவம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, நெற்றியில் ஒன்றும் இல்லை. ஆழ்மனம் என்பார், அடுத்த வாக்கியத்திலேயே ஆத்மா என்பார். இரண்டும் ஒன்றா என்று ஒருவர் கேட்டதற்கு, "முதல்ல ஒண்ணையாவது பார்த்துட்டு வாங்க, அப்புறம் சண்டை போடலாம்" என்றார். இப்போது ஒரகடம் சாலையில் இத்தகைய பயிற்சிக்குப் பெரிய பெரிய பலகைகள் வைத்திருக்கிறார்கள். போன மாதம் காரில் போனபோது ஏழு பார்த்தேன். எதைப் பார்த்தாலும் அந்த மாடியும், சன்னலுக்கு வெளியே நின்ற புளியமரமும், அவருடைய அவசரமில்லாத குரலும்தான் எனக்கு நினைவு வருகின்றன.

கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"எத்தனை ஆச்சு?"

"நூத்திப் பதினாலு சார்."

"எண்ணச் சொல்லலையே நான்."

பக்கத்துப் பாயில் இருந்த மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பயிற்சி நடத்தியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எது குறைஞ்சிடும்னு பயப்படறீங்க?" என்று கேட்டார். எனக்குத் தோன்றியதைச் சொன்னேன்: "சர்க்கரை சார்." அறை முழுவதும் சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு கடிதப் பயிற்சி. யார் மேல் மனக்குறை இருக்கிறதோ அவருக்கு, எதையும் மறைக்காமல் எழுத வேண்டும். பிறகு அதை நெருப்பில் போட்டுவிட வேண்டும். ஒரு இரும்புச் சட்டியில் கற்பூரம் கொளுத்தி வைத்திருந்தார். எந்தச் சாமியை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம், நினைக்காமலும் போடலாம் என்றார். நர்ஸ் அம்மா சிலுவைக் குறி போட்டுக்கொண்டு தன்னுடையதைப் போட்டார்.

நோட்டு கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். நான் காசு கொடுத்து வாங்காமல், ஸ்டோரில் பாதி தீர்ந்து கிடந்த, சாமான் கேட்டு எழுதுகிற ஒரு இண்டென்ட் புத்தகத்தை எடுத்துப் போயிருந்தேன். வெள்ளை, ரோஸ், மஞ்சள் என்று ஒவ்வொரு எண்ணுக்கும் மூன்று தாள்; வரிசை எண், விவரம், அளவு, குறிப்பு என்று நான்கு கட்டம். என் மனைவிக்கு எழுதினேன். இருபத்தாறு குறை வந்தது. அளவுக் கட்டத்தையும் விடாமல் நிரப்பினேன். வெள்ளைத் தாள் இரண்டையும் கிழித்து நெருப்பில் போட்டபோது உண்மையாகவே நெஞ்சு லேசானது. வீட்டுக்கு வந்து, பதினொரு மாதத்தில் முதல் தடவையாக, கதவை ஒரே தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் படுத்தேன்.

பதினான்கு வருஷம் ஸ்டோரில் இருந்தவனுடைய கை அது. எழுதத் தொடங்கும் முன் தாள்களுக்கு நடுவே கார்பனைச் செருகியிருக்கிறது. நான் கவனிக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்தால் வீடு பூட்டியிருந்தது. சாவி பக்கத்து வீட்டில். இண்டென்ட் புத்தகம் கட்டிலின் மேல் திறந்து கிடந்தது. மளிகைச் சாமான் எழுதத் தாள் தேடியிருக்கிறாள். ரோஸ் தாள் இரண்டையும் ஒழுங்காகக் கிழித்து எடுத்துக்கொண்டு, மஞ்சளைப் புத்தகத்திலேயே விட்டுப் போயிருந்தாள். ரோஸ் நகல் சாமான் கேட்ட இலாகாவுக்கு, மஞ்சள் ஸ்டோருக்கு என்று நானே அவளுக்கு ஒரு முறை விளக்கியிருக்கிறேன்.

பன்னிரண்டு நாள் நான் போகவில்லை. முதல் ஞாயிறு தொழிற்சாலையில் சரக்குக் கணக்கெடுப்பு என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், திரும்பி வரமாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று தெரியவில்லை. இரண்டாவது ஞாயிறு காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறினேன். வாசலில் அவளுடைய அண்ணன் நின்றார்.

"வாங்க மாப்ள. உங்க ஆர்டரு ரெடியா கீது. போய் டெலிவரி எடுத்துக்கங்க."

அவள் பின்கட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. முறத்துக்கு அடியிலிருந்து ரோஸ் தாள்களை எடுத்து நீட்டினாள். குறிப்புக் கட்டம் முழுவதும் பென்சிலில் எழுதியிருந்தாள்.

முதல் குறை, நெய்க் கிண்ணத்தை மூடுவதில்லை என்பது. "நான் மூடுறேன். அளந்து பாக்கறவரு தொறந்து வெக்கறாரு." நான்காவது, பக்கத்து வீட்டுக்கு இரண்டு டம்ளர் சர்க்கரை கொடுத்து ஒன்றரை திரும்ப வாங்கியது. "அந்தப் புள்ளைக்கு ஜுரம்." பதினொன்றாவது, பஸ்ஸில் சத்தமாகச் சிரிப்பது. அதற்கு எதிரே "சரி" என்று மட்டும் இருந்தது. அந்தச் சொல்லைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாகப் போயிற்று.

பத்தொன்பதாவதை நான் எழுதியதே எனக்கு மறந்திருந்தது. எங்களுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்து மூன்று மாதம் பதினொரு நாள் இருந்து போயிற்று. அது நடந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் எழுதியிருந்தது: குழந்தையின் சட்டைகளை என்னைக் கேட்காமல் பாத்திரக்காரனுக்குப் போட்டது. அளவு: ஆறு.

அவள் எழுதியிருந்தாள்: "அஞ்சு. ஒண்ணு என் பொட்டில கீது."

நான் தலை நிமிர்ந்தபோது அவள் உள்ளே போயிருந்தாள். திரும்பி வந்து அந்தச் சட்டையை என் மடியில் வைத்தாள். வெளிர் மஞ்சள், மெல்லிய பருத்தித் துணி. திருப்பிப் பார்த்தேன். வாயில் வந்தது இதுதான்:

"மூணு பட்டன்ல ஒண்ணு காணோமே."

முறைத்தாள். அடிக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். பிறகு, பஸ்ஸில் சிரிப்பாளே அதே மாதிரி, வீடே கேட்கச் சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று என்னால் சொல்ல முடியாது.

"சப்பிக்கினே இருப்பான் அவன். முழுங்கிடப் போறான்னு நான்தான் பிச்சேன்."

அவன் என்று சொன்னாள். மூன்று வருஷத்தில் அதுவே முதல் தடவை. அந்த மத்தியானம் முழுவதும் நாங்கள் அவனைப் பற்றியே பேசினோம். அண்ணன் இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டுவிட்டுப் போனார்.

புறப்படும்போது அவள் ஒரு நிபந்தனை போட்டாள். "அந்த சார நானும் பாக்கணும். அடுத்த தபா ரெண்டு பேருமாப் போலாம்."

செப்டம்பரில் போனோம். கடிதப் பயிற்சி வந்ததும் அவள் பேனாவைத் தொடவில்லை. ஏன் எழுதவில்லை என்று அவர் கேட்டார். "எங்க வூட்டுல எழுதிப் படிச்சாச்சு சார்" என்றாள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

எண்ணுவதை நான் விட்டுவிட்டேன் என்று சொன்னால் பொய். ஆனால் அதற்குப் பிறகு அவளுடைய அடுப்படிக்குள் எதையும் எண்ணியதில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்றைக்கும் அங்கே எத்தனை டப்பா இருக்கிறதென்று எனக்குத் தெரியாது.

எனக்கு ஆன செலவு: பயிற்சிக் கட்டணம் மூன்று பேருக்கு, அதாவது எனக்கு இரண்டு தடவை, அவளுக்கு ஒன்று, ஆளுக்கு ஐம்பது வீதம் நூற்றைம்பது. ஸ்ரீபெரும்புதூர் பஸ் எல்லாம் சேர்த்து ஒன்பது. காஞ்சிபுரம் போக ஒரு டிக்கெட், வர இரண்டு, பன்னிரண்டு. பூ இரண்டு. இண்டென்ட் புத்தகத்துக்காகக் கம்பெனியில் நானே கட்டியது ஒன்பது ஐம்பது. கோபித்துக்கொண்டு போன பஸ்ஸுக்கு அவள் கொடுத்த நான்கு ரூபாயையும் சேர்க்கப் பார்த்தேன்; அது என் காசு, உங்கள் கணக்கில் வராது என்று சொல்லிவிட்டாள். ஆகவே மொத்தம் நூற்று எண்பத்திரண்டு ரூபாய் ஐம்பது காசு.